கண்ணீர்க்கல்லும் பதினேழு பாத்ரூமும்

முத்தையாபுரத்தில் அந்த மாதம் தேர்தல் இல்லை, கோயில் கொடையும் இல்லை. இருந்தும் தெருமுனையிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் ஜனம் நின்றது. சிலர் கையில் பெயர்ந்த டைல்ஸ் துண்டு. சிலர் ஊறிப்போன சுவரைச் செல்போனில் படம் பிடித்து வைத்திருந்தார்கள். ஓதநாடி சுவாமிகள் வந்திருக்கிறார். ஃப்ளெக்ஸ் போர்டில் அவருக்குப் பின்னால் அலை அடித்தது, ஒரு சிப்பி வாயைப் பிளந்து கிடந்தது. அடியில் சிவப்பு எழுத்து: 'கசிவு, ஓதம், பாத்ரூம் தோஷம். டைல்ஸை உடைக்காமல் கண்டறியப்படும்.'

உடைக்காமல். அந்த ஒரு சொல்லில்தான் தீவனக்கடை பால்துரை விழுந்தார்.

பால்துரையை மாட்டுத்தீவன வியாபாரத்தில் ஒருவனும் ஏமாற்ற முடியாது. தவிட்டை ஒரு பிடி அள்ளி மோந்தாலே எத்தனை நாள் பழசு என்று சொல்லிவிடுவார். மூட்டையைத் தூக்கிப் பார்த்தே எடை குறைவு என்று லாரியைத் திருப்பி அனுப்பியவர். ஆனால் அந்த மூக்கும் கையும் கடையோடு சரி. மூளையைக் கல்லாப்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் மனுஷன் வீட்டுக்கு வருவார் போல.

வீட்டில் நோவு இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பாத்ரூமில் கடல் நீலத்தில் டைல்ஸ் போட்டார். மூன்று மாதமாக ஒரு மூலையில் கால் வைத்தால் அடியில் ஒன்றுமில்லாதது போல வெற்றுச் சத்தம் கேட்டது. இடுக்குகளில் எப்போதும் ஈரம். அந்தப் பக்கம் படுக்கையறைச் சுவரில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, கீழேயிருந்து ஓதம் ஏறிக்கொண்டிருந்தது. மனைவி சந்தனமாரி இரண்டு தடவை வழுக்கி விழுந்தாள். மேஸ்திரி ஆன்டனி வந்து ரூபாய் நாணயத்தால் தட்டிப் பார்த்தார். குளிக்கிற தண்ணி இறங்குதா, பைப் கசியுதா என்று நாலு நாள் சோதிக்கணும், அப்புறம் ரெண்டு டைல்ஸை உடைக்கணும் என்றார். நாலு நாள் சோதனை பால்துரை காதில் விழவில்லை. உடைக்கணும் என்பது மட்டும் விழுந்தது. அந்த நீலம் இப்போது கடைகளில் வருவதில்லை. மேஸ்திரிக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு சாமிக்குப் போன் போட்டார்.

சாமி வெள்ளைக் காரில் வந்து இறங்கினார். பாத்ரூமுக்குள் போய்க் குழாயின் கழுத்தைப் பிடித்து நாடி பார்த்தார். தண்ணீர் போகிற ஓட்டையில் காதை வைத்தார். முகம் சுருங்கியது. ஓட்டையிலிருந்து வந்த வாடைக்கு யார் முகமும் சுருங்கும். பால்துரைக்கு அது ஞானமாகத் தெரிந்தது.

பிறகு சாமி ஒரு சிவப்புப் பட்டுத்துணியை அவிழ்த்தார். பட்டுக்குள் பிளாஸ்டிக் கவர், கவருக்குள் இன்னொரு கவர், அதற்குள் எலுமிச்சம்பழம் அளவில் ஒரு வெள்ளைக் கட்டி. முத்துக்குளிக்கக் கடலில் இறங்கி மேலே வராமல் போனவர்களின் கண்ணீர் உறைந்து உண்டான கல் என்றார். ஆவி இருக்கும் இடத்தில் வைத்தால் அழும், இல்லாத இடத்தில் அழாது. தரையைத் துணியால் துடைக்கச் சொல்லி, கல்லை டைல்ஸில் வைத்து, ஜன்னலைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்தினார். முக்கால் மணி நேரம் யாரும் உள்ளே போகக் கூடாது. அந்த முக்கால் மணி நேரமும் ஹாலில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டார், மூன்று காப்பி குடித்தார். சாமிக்குக் காப்பி என்றால் உயிர்.

கதவைத் திறந்தபோது கல் ஒரு குட்டைத் தண்ணீரில் உட்கார்ந்திருந்தது.

பால்துரை கையெடுத்துக் கும்பிட்டார். சாமி விளக்கினார். மூழ்கிப்போன ஒருவனின் ஆவி நல்ல தண்ணீர் தேடிப் பூமிக்கடியில் ஊர்ந்து வந்து இந்த டைல்ஸுக்குக் கீழே படுத்திருக்கிறது. தலைக்கு மேலே நின்ற தோணிக்கு ஏறி வரத் தெரியாதவன், முத்தையாபுரத்துக்கு மட்டும் விலாசம் விசாரித்து வந்துவிட்டான். பரிகாரம் என்ன? ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், பாத்ரூமைப் பூட்ட வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றக் கூடாது. வெள்ளிக்கிழமைதோறும் புதுக் கல், புதுப் பூசை, புதுத் தட்சிணை. நடுவில் யாராவது உள்ளே கால் வைத்தால் ஆவி காலைப் பிடித்துக்கொள்ளும். சாமியே பூட்டினார், சாவியையும் அவரே இடுப்பில் சொருகிக்கொண்டார்.

ஒரே வாரத்தில் அந்தத் தெருவில் பதினேழு பாத்ரூம்கள் பூட்டப்பட்டன. கல் பதினேழு வீட்டிலும் அழுதது. வருகிற நோயாளி எல்லாருக்கும் ஒரே வியாதி என்று ஒரு டாக்டர் சொன்னால் டாக்டரை மாற்றுவோம். சாமி சொன்னால் சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வருவோம்.

இனி எங்கே குளிப்பது, எங்கே மற்றது? தெருவில் தப்பித்தது ஒரே பாத்ரூம், மீன் விற்கிற அந்தோணியம்மாளுடையது. அங்கே டைல்ஸ் இல்லை, வெறும் சிமென்ட் தரை. ஆவிகளுக்கு டைல்ஸ்தான் பிடிக்கும் என்று சாமி அந்த வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏழை வீடு என்று பேய்க்கும் தெரிஞ்சிருக்கு என்றாள் அந்தோணியம்மாள். ஆனாலும் நல்ல மனசு. காலை ஐந்தரையிலிருந்து கதவைத் திறந்துவிட்டாள். ஆளுக்கு ஐந்து நிமிஷம், அவரவர் தண்ணீரை அவரவர் கொண்டுவர வேண்டும். ஊரே அண்ணாச்சி என்று கும்பிடும் பால்துரை, தோளில் துண்டும் கையில் வாளியுமாக, யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகளுக்குப் பின்னால் பதினான்காவது ஆளாக நின்றார். கடைக்கு மாட்டுக்குத் தவிடு வாங்க வருகிறவர்கள் அதே வரிசையில் அவருக்கு முன்னால் நின்று, இன்று என்ன விலை என்று விசாரித்தார்கள். அவசரமான ஒரு காலையில் அவர் விலையை இரண்டு ரூபாய் குறைத்துச் சொல்லி வரிசையில் ஓர் இடம் முன்னேறினார்.

வாளி தூக்கித் தூக்கிச் சந்தனமாரியின் உள்ளங்கை கிழிந்துவிட்டது. இரண்டாவது வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும், சாமி மறுபடி பூட்டும் முன்பு, கல் அழுத தண்ணீரைத் துடைக்கிற வேலை அவளுக்கு வந்தது. துணியைப் பிழிந்தபோது காயத்தில் சுரீர் என்று எரிந்தது. சாதாரணத் தண்ணீர் எரியாதே என்று விரலை நாக்கில் வைத்தாள். கசந்தது. உப்புக் கரிப்பு இல்லை, தனிக் கசப்பு.

அந்தக் கசப்பு அவளுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் நாலு வருஷம் உப்பளத்தில் உப்பு வாரியவள். நல்ல உப்பை எடுத்த பிறகு பாத்தியில் மிஞ்சுகிற கசப்புத் தண்ணீர் காய்ந்து கட்டியாகும். அதை வெளியே வைத்தால் கடல்காற்றில் இருக்கிற ஈரத்தை எல்லாம் குடித்துக் கரைந்து ஓடும்.

புருஷனிடம் சொன்னாள். அவர் பதறிப்போய் ஜன்னலைச் சாத்தினார்.

"ஏளா, மெதுவாப் பேசு. சாமி காதுல விழுந்துரப் போவுது."

"விழட்டும். அது கல்லு இல்லைங்க, உப்பளத்துக் கசடு. எங்கன வச்சாலும் ஒழுகும்."

உப்பு வாரினவளுக்கு ஆவியைப் பற்றி என்ன தெரியும் என்று பால்துரை கேட்டார். ஆவியைப் பற்றித் தெரியாது, உப்பைப் பற்றித் தெரியும் என்றாள். அதோடு பேச்சை விட்டுவிட்டாள். அடுத்த வெள்ளிவரை பொறுத்தாள்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை சாயங்காலம், கடல்காற்று ஜில்லென்று வீசிக்கொண்டிருந்தது. பூசை பால்துரை வீட்டிலிருந்து தொடக்கம். பதினேழு வீட்டாரும் கூடியிருந்தார்கள். சந்தனமாரி கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகத்தான் கேட்டாள்.

"ஆவி இருந்தாத்தான் கல்லு அழும்னு சொல்லுதீக. அப்ப மூணு கல்லு வைங்க சாமி. ஒண்ணு பாத்ரூம்ல, ஒண்ணு எங்க காம்பவுண்டு சுவர்ல, ஒண்ணு உங்க கார் மேல. பாத்ரூம் கல்லு மட்டும் அழுதா நான் உங்க கால்ல விழுதேன்."

சாமி சிரித்தார். தெய்வத்தைச் சோதிக்கக் கூடாது, கல் கோபித்துக்கொள்ளும் என்றார். அவரைக் காப்பாற்ற அங்கே ஒருவரும் இல்லை, ஏனென்றால் எல்லாருமே பக்தர்கள். சாமியின் மகிமையைக் கண்ணால் பார்க்க ஆளுக்கு ஆள் முண்டினார்கள். எல்லாரையும்விட அவசரப்பட்டவர் பால்துரைதான். பெண்டாட்டி நாலு பேர் முன்னால் மானத்தை வாங்குகிறாளே என்று அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"வைங்க சாமி. இன்னியோட இவ வாய் அடங்கட்டும்," என்று அவரே சாமியின் பையைத் திறந்து, பட்டை அவிழ்த்து, மூன்று கட்டிகளை எடுத்து, சில்வர் தட்டுக்கு ஒன்றாக வைத்துக் கொடுத்தார்.

முக்கால் மணி நேரம். சாமி வழக்கம்போல் காப்பி குடித்தார். இந்தத் தடவை நாலு.

முதலில் பாத்ரூமைத் திறந்தார்கள். கல் அழுதிருந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது, சாமி கதவைப் பழையபடி பூட்டினார். அடுத்து காம்பவுண்டு சுவர். அங்கேயும் அழுதிருந்தது. கன்னத்துக்குப் போன கைகள் பாதியில் நின்றன. கடைசியாகக் கார். மற்ற இரண்டையும்விட அங்கேதான் கல் விழுந்து விழுந்து அழுதிருந்தது.

அந்தோணியம்மாள் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அப்போ இதுக்குள்ளயும் ஒருத்தன் படுத்திருக்கான், இதையும் ஒரு மண்டலம் பூட்டிருவோமா என்று சாமியிடமே யோசனை கேட்டாள்.

பால்துரை காரின் மேலிருந்த தட்டில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். கசந்தது. மூன்று வாரம் வரிசையில் நின்றது, பிள்ளைகள் சிரித்தது, மனைவியின் உள்ளங்கை, எல்லாம் அந்தக் கசப்போடு சேர்ந்து உள்ளே இறங்கியது. அவளைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார். கோபத்தில் சாமியை அடிக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அடித்தால் முதல் அடி தனக்குத்தான் விழ வேண்டும்.

சாமி காருக்குப் போகப் பார்த்தார். காரைச் சுற்றி ஜனம் நின்றது. அப்போதுதான் அந்த நாலு காப்பியும் தங்கள் வேலையைத் தொடங்கின. சாமி ஒற்றைக்காலில் நின்றார். கால் மாற்றினார். நெற்றியில் விபூதி கரைந்து ஒழுகியது. கடைசியில் குரலைத் தாழ்த்திப் பால்துரையிடம், கொஞ்சம் பாத்ரூமுக்குப் போகணும் என்றார்.

நடுவுல கால் வச்சா ஆவி பிடிச்சிருமே சாமி என்றார் பால்துரை, உண்மையான கவலையோடு.

சாமி வேறு வீடு கேட்டார். பதினாறு வீட்டிலும் ஆவி. அந்தோணியம்மாள் தன் வீட்டைக் காட்டி, முன்னால் ஒன்பது பேர் நிற்காங்க, வாளியும் தண்ணியும் கொண்டுவந்து வரிசையில் நிற்கட்டும் என்றாள்.

சாமி ஒன்பது பேரை எண்ணிப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைப் பிய்த்துத் தரையில் எறிந்தார்.

"அங்கன ஒரு ஆவியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. உப்பளத்துல சும்மா கிடந்த கசடு அது. யாராவது கதவைத் திறங்கய்யா."

திறந்துவிட்டார்கள். நம் ஆட்கள் இரக்கமுள்ளவர்கள். உள்ளே போன சாமியின் காலை யாரும் பிடிக்கவில்லை. வெளியே வந்தபோதுதான் பிடிக்க, யாரோ போன் போட்டுக் கூப்பிட்ட போலீஸ் நின்றது.

மறுநாள் ஆன்டனி மேஸ்திரியைக் கூப்பிட்டார்கள். அவர் படுக்கையறைச் சுவரைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: மூன்று வாரம் யாரும் குளிக்காமலிருந்தும் ஓதம் ஏறியதா? ஏறியது, ஆவியின் கோபம் என்று சாமி சொன்னார் என்றார் பால்துரை. "அண்ணாச்சி, குளிக்காமலே ஏறுதுன்னா அது குளிக்கிற தண்ணி இல்ல, பைப்புல வார தண்ணி," என்று ஆன்டனி அந்த லைன் வால்வை மூடினார். நாலு நாளில் சுவர் வெளுக்கத் தொடங்கியது. அப்புறம் இரண்டே டைல்ஸை உடைத்தார். உள்ளே சுவரோரம் பைப் திரும்புகிற எல்போவில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். வால்வைத் திறந்ததும் அதிலிருந்து நூல் போலத் தண்ணீர் பீய்ச்சியது. பால்துரை குனிந்து வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நீல டைல்ஸ் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் வெள்ளை ஒட்டியாயிற்று. அடுத்து மற்றப் பதினாறு வீட்டுக்கும் ஆன்டனியைக் கையோடு கூட்டிப் போனவர் பால்துரைதான்.

சாமி சொன்ன பேயை நம்ப முத்தையாபுரத்துக்கு முக்கால் மணி நேரம் போதுமாயிருந்தது. மேஸ்திரி சொன்ன பைப்பை நம்பத் தரையை உடைத்துக் காட்ட வேண்டியிருந்தது. இது எப்படி என்று கொஞ்சம் யோசியுங்கள். வேறெங்கும் நேரமில்லை என்றால் பாத்ரூமில் உட்கார்ந்தாவது யோசியுங்கள். அங்கே உங்களை யாரும் தொந்தரவு பண்ண மாட்டார்கள், பேய் உட்பட.