உட்காருவது தொடர்பாகத் தங்கள் தங்கை மீது ஒரு புகார்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தாங்களும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித் தொடங்குகிறேன். இங்கே நானும் பிள்ளைகளும் நலம். தங்கள் தங்கை மிகவும் நலம், பிரச்சினையே அதுதான்.

நான் ஆடைத் தொழிற்சாலையில் இஸ்திரிப் பிரிவு மேற்பார்வையாளன், அவள் அதே கட்டடத்தில் தையல்காரி, போதாததற்குச் சங்கச் செயலாளர் என்பது தாங்கள் அறிந்ததே. போன மாதம் என் பிரிவில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி துணி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். வேலை நேரத்தில் உட்காரக் கூடாது என்பது விதி. மெமோ கொடுத்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அந்த மெமோ என் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. "இது உங்க கையெழுத்துதானே?" என்றாள். ஆமாம் என்றேன். பதிலுக்கு ஒரு கடிதத்தை நீட்டினாள்: என் பிரிவில் நிற்கும் நாற்பத்திரண்டு பேருக்கும் முக்காலி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிட ஓய்வு, இல்லாவிட்டால் பதினைந்தாம் நாள் வேலைநிறுத்தம். "பெற்றுக்கொண்டேன்னு எழுதிக் குடுங்க, அப்புறம் சாப்பாடு போடறேன்." எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் மேலாளர் கூப்பிட்டு, "வீட்ல பேசி முடிச்சிடுங்க" என்றார். பேசிப் பார்த்தேன் மச்சான். "சங்க விஷயம் சங்க ஆபீஸ்ல. இங்க வெங்காயம் நறுக்குங்க" என்றுவிட்டாள்.

பேச்சுவார்த்தையன்று மேசைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். மேலாளர் சொல்லச் சொன்னபடி, "இத்தனை வருஷமா நின்னுதானே செஞ்சீங்க?" என்று கேட்டேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை. "சார், பதினோரு மணி நேர வேலையும்தான் இத்தனை வருஷமா இருந்துச்சு. அதை எட்டாக்க எங்களுக்கு முன்னாடி இருந்தவங்க பத்தொன்பது நாள் கேட்டுக்கு வெளிய கிடந்தாங்க. கக்கூஸ் போக டோக்கன் வாங்கணும்னு இருந்துச்சு, அதை ஒழிக்க மூணு வருஷமாச்சு. பிரசவ லீவு கேட்டு ரெண்டு பேருக்கு வேலையே போச்சு. நீங்க அஞ்சரைக்கு வீட்டுக்குப் போறீங்களே, அதுவும் அவங்க வாங்கிக் குடுத்ததுதான்." கட்டின புருஷனைச் சார் என்கிறாள்!

மேலாளர் விடவில்லை. "எங்க சூப்பர்வைசர் ஒரு ஷிப்ட் நின்னு காட்டுவார்" என்று என்னைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டார். நின்றேன். முகத்தில் நீராவி, பதினோரு மணிக்குக் கணுக்கால் வீக்கம், இரண்டு மணிக்குக் கால் இருக்கிற இடமே தெரியவில்லை, மூன்றேகாலுக்குப் பார்த்தால் மூட்டை மேல் உட்கார்ந்திருக்கிறேன். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. அந்தக் கர்ப்பிணிதான் தண்ணீர் கொண்டுவந்து, "மெதுவா குடிங்க சார்" என்றாள். சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெமோவை அன்றைக்கே ரத்து செய்தேன்.

முக்காலிகள் வந்துவிட்டன, ஓய்வும் வந்துவிட்டது. ஆனால் வீட்டில் என் மரியாதை வந்தபாடில்லை. ஆகவே, மூத்தவர் என்ற முறையில் சங்கத்தைவிட்டு விலகும்படி அவளைக் கண்டித்து நாலு வரி எழுத வேண்டுகிறேன்.

பெரியவர்களுக்கு வணக்கமும், குழந்தைகளுக்கு என் அன்பும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஒரு சேதி. மேற்பார்வையாளர்கள் இனி ஞாயிறும் வர வேண்டும் என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. எங்களுக்கென்று சங்கம் கிடையாது. இன்று காலை ஒன்பது பேர் கூடி ஆரம்பித்துவிட்டோம், தலைவர் நான். கோரிக்கைக் கடிதத்தைத் தங்கள் தங்கை மூன்று முறை அடித்துத் திருத்திவிட்டாள், நான் ரொம்பக் கெஞ்சுகிறேனாம். எனவே அவளைக் கண்டிக்க வேண்டாம். மேலே எழுதியதை யாரிடமும் காட்டவும் வேண்டாம், முக்கியமாக அவளிடம்.