தட்டிப் பார்த்து வீடு வாங்குபவர்

வீடு வாங்கக் கிளம்புகிறவர்களில் ஒரு ரகம் உண்டு. தட்டிப் பார்க்கும் ரகம். வாசலைத் தாண்டியதும் விரலை மடக்கிச் சுவரில் இரண்டு தட்டு தட்டுவார்கள், தலையைச் சாய்த்துக் கேட்பார்கள், "ம்" என்பார்கள். என்ன கேட்டது? அது அவர்களுக்கும் சுவருக்கும் இடையிலான ரகசியம். குழாயைத் திறந்து மூடுவார்கள், ஜன்னல் கொக்கியை ஆட்டுவார்கள், தரையைக் குதிகாலால் மிதிப்பார்கள். பத்திரத்தை மட்டும் அடுத்தவர் குழந்தையைப் போல ஒரு தடவை பார்த்துச் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

இந்த ரகத்தின் தலைமகன் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். வருகிறவர்களை உட்காரவைத்து, "கடைசி வரியையும் படிங்க, விடாதீங்க" என்று பொடி எழுத்தைப் படிக்கவைத்தே பிழைப்பவர். வீட்டுக்காரரைக் கேட்காமல் ஓர் ஆணிகூட அடிக்க முடியாத வாடகை வீட்டில் பாதி ஆயுளைக் கழித்தவர். தன் சுவரில் தன் ஆணி. வேறென்ன கேட்டார் பாவம்?

தரகர் முதல் தட்டிலேயே ஆளை எடைபோட்டுவிட்டார். "சார் தட்டுறதுலயே தெரியுது, கட்டடம் தெரிஞ்சவர்னு." அதற்குப் பிறகு பேருந்து நிலையத்தைக் காட்டியிருந்தாலும் நம் ஆள் வாங்கியிருப்பார். காட்டியதோ, சந்தின் கடைசியில் ஒரு மாடி வீடு. சமையல் மேடையில் காலை வெயில் விழுந்தது. கூடவே இவரும் விழுந்தார். மாடியில் ஓர் அறை மட்டும் பூட்டியிருந்தது. பழைய சாமான் என்றார் தரகர்.

மனைவி துணிக்கடையில் கணக்கு எழுதுபவர். வீடு யார் பெயரில் இருக்கிறது, மூலப் பத்திரம் எங்கே, ஒரு வக்கீலிடம் காட்டலாமா என்று கேட்டார். நல்ல மனிதர்களிடம் காகிதம் கேட்டால் என்ன நினைப்பார்கள் என்று கணவருக்குக் கூச்சம். வக்கீலுக்குக் கொடுப்பதில் நான்கு ஜன்னலுக்குத் திரை போடலாம் என்று சிக்கனம் வேறு. ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்கிறேன் என்று மனைவி சொன்னபோது, "எல்லாம் வழக்கமாப் போடறதுதான் அக்கா" என்று தரகர் பேனாவை நீட்டினார். கடைக்காரர் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். பேனா வழவழவென்று எழுதுகிறது என்று பாராட்டினார். மகளின் படிப்புக்கென்று சேர்த்தது முழுவதும் முன்பணமாகக் கைமாறியது.

அடுத்த வாரம் இருவரும் திரைக்கு அளவெடுக்கப் போனார்கள். போகிற போக்கில் கடைக்காரர் பூட்டிய அறையின் கதவையும் தட்டினார்.

உள்ளேயிருந்து, "யாரு?" என்று குரல் வந்தது.

தாழ் விலகியது. தலையில் பாதி வாரிய முடியும் கையில் சீப்புமாகப் பழைய சாமான் வெளியே வந்து நின்றது. வீட்டை விற்றவரின் தங்கை.

"இந்த வீட்டை வாங்கியிருக்கோம்" என்றார் கடைக்காரர்.

"அப்படியா? எந்தப் பாதியை?"

அந்த அம்மாள் கோபப்படவில்லை. அப்பா வீட்டை இருவருக்கும் எழுதிவைத்தார், என் பாதியை நான் விற்பதாயில்லை, அண்ணன் பாதியை அவர் யாருக்கு வேண்டுமானாலும் விற்கட்டும் என்று நிதானமாகச் சொல்லிவிட்டு மீதித் தலையை வாரப் போய்விட்டார்.

மனைவி மாடிப்படியில் உட்கார்ந்து, பையிலிருந்த ஒப்பந்தத்தை எடுத்து வாய்விட்டுப் படித்தார். விற்பவருக்கு உரிமையுள்ள பங்கு மட்டும் என்றது இரண்டாம் பக்கம். குறித்த நாளுக்குள் மீதியைக் கட்டாவிட்டால் முன்பணம் திரும்பாது என்றது மூன்றாம் பக்கம். மீதிப் பணத்துக்கு நம்பியிருந்த வங்கிக்கு ஓடினார்கள்; தங்கையின் கையெழுத்து இல்லாமல் கடன் கிடையாது என்று வங்கி கைவிரித்தது. ஏமாற்றினார்களா? எங்கே ஏமாற்றினார்கள்? எல்லாவற்றையும் தெளிவாக எழுதியல்லவா கொடுத்திருந்தார்கள்!

வங்கியிலிருந்து வீடு திரும்பும் வழியெல்லாம் மனைவி திட்டுவார் என்று கடைக்காரர் காத்திருந்தார். திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியாவது ஆறியிருக்கலாம். அதற்கும் வழியில்லை. கடைசியில் அவரே வாயைத் திறந்தார்.

"நீ அன்னிக்கே கேட்டே."

"கேட்டேன். நீங்கதான் சுவரைக் கேட்டுட்டிருந்தீங்க."

வக்கீலிடம் போனார்கள். நோட்டீசும் பதிலுமாக இழுத்து, முன்பணத்தில் பாதி தேறியது. தேறியதில் ஒரு பங்கு வக்கீலுக்குப் போனது. மகள் நினைத்த கல்லூரியை விட்டு, வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியில் சேர்ந்தாள். "எனக்கும் இதுதான்பா சௌகரியம்" என்று அவள் சொன்னபோது, கடைக்காரர் துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பத்திரம் பற்றி அவர்தான் உபதேசம். கேட்டுத் தலையாட்டுகிறவர்கள், அடுத்த நிமிடமே கண்ணாடியின் உத்தரவாதச் சீட்டில் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

நான் அந்த ரகமில்லை என்று சிரிக்கிறீர்கள். ரொம்ப நல்லது. உங்கள் வீட்டுப் பத்திரமோ வாடகை ஒப்பந்தமோ எந்த அலமாரியில், எந்தத் தட்டில் இருக்கிறது? உள்ளே திரும்பி யாரையும் கூப்பிடாமல் சொல்லுங்கள் பார்க்கலாம்.