கம்ப்யூட்டருக்கு மாடு காட்டுன ஏழு நம்பர் அண்ணே

ஒலகத்துலயே கம்ப்யூட்டர் ரூமுக்குள்ள சாணி மிதிச்ச பூட்சோட நுழைஞ்ச ஒரே மனுசன் எங்க ஏழு நம்பர் அண்ணேதான். எவனாச்சும் போட்டிக்கு வந்தா சொல்லுங்க.

எண்பதுகள்ல, காலேஜ் முடிச்ச திமிரோட ஈப்போவுல ஒரு நில ஆபிஸ்ல சேர்ந்தேன். பேராக் மாநிலத்து நிலப்படத்தைக் கட்டம் கட்டமா பிரிச்சு, எதுல என்ன இருக்குன்னு கம்ப்யூட்டருக்கு நம்பர் போடணும். ஒன்னுன்னா ரப்பர், ரெண்டு செம்பனை, மூணு ஈயம் தோண்டுற லம்பம்... ஆறோட சரி. அத வச்சு, நாளைக்கு எந்த நெலத்துல என்ன வரலாம்னு அது சொல்லும்.

அண்ணே அங்க படம் வரையுறவரு. கோப்பெங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல பொறந்தவரு. அவரோட அப்பா இன்னும் அங்க தொழிலாளிங்க லயத்து வீட்டுலதான். ஒருநாள் அந்தத் தோட்டத்தைப் பத்தி கம்ப்யூட்டர் பதில் சொல்லுச்சு: ஆளில்லாத ரப்பர், வித்து வீடு கட்டலாம்.

"ஆளில்லையா? எங்கப்பன் ரெண்டு மாடு வச்சிருக்காரு, மரவள்ளி போட்டிருக்காரு. அவரு என்ன பேயா?"

"கணக்கெடுத்தவங்க வீடு வீடா கேட்டுத்தான் எழுதியிருக்காங்க லா அண்ணே"ன்னேன்.

சனிக்கிழமை என்னை மோட்டார் சைக்கிள்ல ஏத்திட்டுப் போனாரு. அண்ணே கையில இருந்த கணக்கெடுப்பு போர்மை, அந்தப் பாரத்தைப் பார்த்ததுமே அப்பா கைகட்டி நின்னுட்டாரு. "ஒன்னுமில்லைங்க. மாடில்ல, மரவள்ளியில்ல. எல்லாம் தொரையோட ரப்பர்தான்."

பின்னால "ம்மா"ன்னு ஒரு சத்தம்.

"யப்பா, நான் ஒங்க மவன்!"

"மவன்தான். கையில பாரம் வச்சிருக்கியே."

லயம் முழுக்க இதே பதில்தான். இருக்குன்னு சொன்னா தொரை பிடுங்கிப் போட்டுருவாருன்னு பயம். கம்ப்யூட்டர் பாவம், சொன்னத நம்பிடுச்சு.

அண்ணே பாரத்தை மடிச்சு பாக்கெட்டுல வச்சாரு. அடுத்தடுத்த சனிக்கிழமையெல்லாம் மாட்டுக்குப் பின்னாடியே நடந்தாரு. அது மேஞ்ச எடம், கத்திரிக்கா போட்ட எடம், சாமி கும்புடுற எடம், எல்லாத்துக்கும், அதே சாணி பூட்சோட கம்ப்யூட்டர் ரூமுக்குள்ள வந்து, ஏழுன்னு புது நம்பர் போட்டாரு.

எங்க போஸ், ஆபிஸ் தலைவரு, யாழ்ப்பாணத்துக்காரரு. கண்ணாடியைக் கழட்டிட்டுக் கேட்டாரு: "இது என்ன ஐசே, ஏழு?"

"மனுசங்க, சார்."

"போர்ம்ல இல்லாததை ஏன் போட்டனீர்?"

"போர்ம்லதான் இல்ல சார். தோட்டத்துல இருக்காங்க."

போஸ் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கிட்டுப் படத்தைப் பார்த்தாரு. அப்புறம், "சரி, ஓடவிடும்"ன்னாரு. ஏழுன்னா ஆளுங்க இருக்குற எடம்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுத்தோம். இந்த வாட்டி அது வேற பதில் சொல்லுச்சு: தொடாதே. அண்ணே ஆபிஸுக்கே கோப்பி வாங்கிக் கொடுத்தாரு.

ஆனா மேலிடத்துல படத்தை அச்சடிச்சப்ப அவங்ககிட்ட பழைய ஆறு நம்பருக்கு ஆறு கலருதான். ஏழு வெள்ளையா விழுந்துச்சு. வெள்ளைன்னா அவங்களுக்குக் காலி நெலம்.

தோட்டம் வித்துப் போச்சு. லயத்தை இடிச்சாங்க. மாட்டை லோரியில ஏத்துனாங்க. அண்ணேயோட அப்பா பிளாட்டுல நாலாவது மாடிக்குப் போனாரு, ஒரு வருசம்கூட தாங்கல. காரியம் முடிஞ்ச மறுநாள் அண்ணே என் மேசையில ஒரு கட்டு மரவள்ளிக் குச்சிய வச்சுட்டுப் போனாரு. அப்புறம் ஆபிஸுக்கு வரவேயில்ல.

போன வாரம் ஈப்போ பக்கம் லகாட்ல என் வாடகை வீட்டுக்குக் கணக்கெடுக்க ஒரு பொண்ணு பாரத்தோட வந்துச்சு. "பின்னால என்ன இருக்கு அண்ணே?"

வாய் தன்னால "ஒன்னுமி..."ன்னு ஆரம்பிச்சுது. நிறுத்திட்டேன்.

"மரவள்ளி. எங்கண்ணே கொடுத்த குச்சி, வீடு மாறுறப்பல்லாம் வெட்டி நட்டது. நல்லா பெருசா எழுதிக்க, தங்கச்சி."