நீலச் சீட்டு வேப்பங்கன்று

சும்மா இருப்பதற்குச் சம்பளம் வாங்கி, அந்த வேலையையும் ஒழுங்காகச் செய்யாதவன் நான். (இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்று என் மனைவி அடிக்கடி நினைவுபடுத்துவாள்.)

எழுபதுகளின் கடைசியில் திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு மர நாற்றங்காலில் தற்காலிக உதவியாளனாக இருந்தேன். என் பொறுப்பில் இருநூறு வேப்பங்கன்றுகள், பைகளில். பாதிக்கு விதை வந்தது மழை கொட்டும் மலையோர ஊர்களிலிருந்து; அவற்றில் நீலச் சீட்டு கட்டியிருந்தோம். மீதிக்கு விதை ஆந்திரா பக்கம் வறண்ட காட்டிலிருந்து. அவற்றில் சிவப்புச் சீட்டு. இருபது நாள் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றக் கூடாது. எது எப்போது வாடுகிறது என்று தினமும் நோட்டில் எழுத வேண்டும்.

"எல்லாம் வேம்புதானுங்களே ஐயா?" என்று சென்னையிலிருந்து வந்த அதிகாரியிடம் கேட்டேன்.

"வேம்புதான். ஆனா வறண்ட ஊர்ல தாங்காத மரமெல்லாம் எத்தனையோ தலைமுறைக்கு முன்னாடியே போயிடுச்சு. தாங்கினதுதான் விதை போட்டுச்சு. அந்தக் குணம் விதையிலயே வருதான்னு பாக்கறோம். நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான். எதுவும் செய்யக் கூடாது."

பன்னிரண்டாம் நாள் நீலச் சீட்டுகள் எல்லாம் தலையைத் தொங்கப் போட்டுவிட்டன. சிவப்புச் சீட்டுகள் வேருக்கு வேலை கொடுத்துவிட்டு, சின்ன இலையோடு கல்லுப்பிள்ளையார் போல உட்கார்ந்திருந்தன. எல்லாவற்றையும் உண்மையாக எழுதினேன். அத்தோடு என் உண்மை முடிந்தது.

அன்று மத்தியானம் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார் கல்யாணத் தரகர். "ஆர்.கே.பேட்டை பொண்ணோட நைனா நாளைக்கு வராரு. மாப்ள என்னா வேலை செய்யறாருன்னு கண்ணால பாத்தப்புறம்தான் பேச்சாம்."

ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. நிலமில்லை, தறியில்லை, நிரந்தர வேலையுமில்லை. காட்டுவதற்கு என்னிடம் இருந்தது நூறு வாடிய செடிகள். செடியைக் காப்பாற்றத் தெரியாதவன் பெண்ணை எப்படிக் காப்பாற்றுவான் என்று எந்தத் தகப்பனும் கேட்பார். பூவாளியை எடுத்தேன். நீலச் சீட்டு ஒன்றுவிடாமல் ஊற்றினேன். ஈரம் தெரியாமலிருக்க மேலே காய்ந்த மண்ணைத் தூவினேன். (அந்த மூளையைப் படிப்பில் காட்டியிருக்கலாம்.)

காலையில் நூறும் நிமிர்ந்து நின்றன. பெண்ணின் அப்பா வெள்ளை வேட்டியில் வந்து பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருக்கும்போதே, சொல்லாமல் கொள்ளாமல் அதிகாரியின் ஜீப் வந்து நின்றது.

அவர் நோட்டைப் பார்த்தார், செடியைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"நேத்து வாடினது இன்னைக்குத் தண்ணியில்லாமலே எழுந்திருக்கு. இது பெரிய விஷயம் தம்பி. இன்னைக்கே மேலிடத்துக்கு எழுதறேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கணம் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

பெண்ணின் அப்பா நெசவாளி. கஞ்சி போட்ட பாவு நூலில் எவ்வளவு ஈரம் என்று தொட்டே சொல்லும் விரல் அவருடையது. அந்த விரலை ஒரு நீலச் சீட்டுப் பைக்குள் விட்டு எடுத்தார். என்னைப் பெருமைப்படுத்தும் நல்லெண்ணத்தோடு அதிகாரியிடம் சொன்னார்:

"தண்ணி இல்லாமலா? ஜில்லுனு கீதுங்களே. நேத்து மத்தியானம் ஊத்தினதுங்க இது. மாப்ள நல்லாதான் பாத்துகினு இருக்காரு."

அதிகாரி தன் விரலையும் விட்டுப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. நோட்டை மட்டும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நாளையிலேர்ந்து வர வேணாம்" என்றார்.

வேலை போயிற்று, பெண்ணும் போனாள் என்று வெட்கத்தில் குனிந்து நின்றேன். பெண்ணின் அப்பா என்னைக் கடைத்தெருவுக்கு அழைத்துப்போய் ஒரு கோலி சோடா வாங்கிக் கொடுத்தார். குடித்ததும் எனக்கே தெரியாமல் தலை நிமிர்ந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், சீட்டின் நிறம் உட்பட. கேட்டுவிட்டு அவர் பஸ் ஏறினார்.

வீட்டுக்குப் போய் மகளிடம் சொன்னாராம்: "பையன் வேலை போச்சு. பொய்யும் சொல்லத் தெரியல. ஒரு சோடா குடுத்தா எழுந்துக்கறான், அவ்ளோதான்."

"ஆங், அது போதும் நைனா" என்றாளாம் அவள்.

இன்றைக்கும் ஒரு நாள் குழாயில் தண்ணீர் வராவிட்டால் முதலில் துவள்பவன் நான்தான். இரண்டு குடத்தை இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகத் தூக்கிவரும் என் மனைவி, உள்ளே பார்த்துப் பேரப் பிள்ளைகளுக்குக் குரல் கொடுப்பாள்:

"நீலச் சீட்டு வாடிகினு கீது. யாராவது ஒரு சோடா வாங்கியாங்க."