சித்தப்பாவோடு நேராக்கிய பிக்கப்

ஒரு குடும்பத்தில் ஒரேயொரு ஆள் மட்டும் படித்திருப்பது ஆபத்து. நாலைந்து பேர் படித்திருந்தால் தங்களுக்குள் சண்டை பிடித்து, ஒருவர் வாயை மற்றவர் அடைத்துவிடுவார்கள். ஒருத்தி மட்டும் என்றால் அவள் சொல்வதெல்லாம் சட்டம். உருத்திரபுரத்தில் எங்கள் வீட்டில் அந்த ஒருத்தி நான். எங்கள் பரம்பரையிலேயே முதன்முதலாகக் கம்பஸ் போனவள், அதுவும் பௌதிகவியல் படிக்க. (வீட்டில் ஃபேன் சுற்றாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கரண்ட் இல்லை என்பதை நான் விளக்கமாகச் சொல்வேன்.)

அண்ணா ஒரு பழைய பிக்கப் வாங்கினான். வயல் வரம்பில் அடி தட்டாமல் ஓட வேண்டும் என்று அதை உயர்த்தி, பெரிய ரயர்களும் போட்டான். அதில் ஏற அம்மாவுக்குக் குசினிக் கதிரை தேவைப்பட்டது. உயர்த்திய நாளிலிருந்து வாகனம் இடப்பக்கம் இழுக்கத் தொடங்கியது. அண்ணா ஸ்ரியரிங்கை எந்நேரமும் வலப்பக்கம் முறுக்கிப் பிடித்தபடி, நேர் ரோட்டிலும் வளைவில் திரும்புகிறவன் போலவே இருப்பான்.

அந்த நிலையில்தான் பளைக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண் வீட்டு ஒழுங்கையில், பதற்றத்தில் அண்ணா பிடியைக் கொஞ்சம் தளர்த்த, பிக்கப் இடப்பக்க வேலியைப் படுக்க வைத்தது. பெண்ணின் தகப்பன் காலமெல்லாம் பஸ் ஓடியவர். விழுந்த வேலியை அவர் பார்க்கவில்லை. குனிந்து முன்சில்லுகளைப் பார்த்தார்.

"தம்பி, நீர் நல்ல பெடியன்தான். ஆனா நேரா ஓடாத வாகனத்தில என்ர பிள்ளையை ஏத்தேலாது. எலைன்மென்ட் பாத்துக்கொண்டு வாரும், கதைப்பம்."

அண்ணாவோ, வேலி விழுந்தபோது அந்தப் பெண் சிரித்ததையே நினைத்து நினைத்துச் சாப்பாட்டை மறந்துபோயிருந்தான். இவள் இல்லையென்றால் கலியாணமே வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியும்விட்டான்.

கிளிநொச்சியில் சில்லுகளை அளந்து நேராக்கும் எலைன்மென்ட் கடையில் ஒரு வெள்ளிக்கிழமைதான் இடம் கிடைத்தது. பஞ்சாங்கத்தைப் பார்த்த அம்மா, பளைக்குப் போகவும் அந்த வெள்ளி காலைதான் நல்ல நேரம் என்றார். நல்ல காரியத்துக்கு வெளிக்கிட்டால் இடையில் வீட்டுக்குத் திரும்பக்கூடாது. ஆகவே எல்லோரும் ஒரேயடியாக வெளிக்கிட்டு, வழியில் எலைன்மென்டையும் பார்த்துக்கொண்டு போவதென்று முடிவானது. அம்மா, பெரியம்மா, அத்தை, சித்தி, தட்டங்கள், ஒரு வாழைக்குலை, இவ்வளவும் பின்பெட்டியில். இடப்பக்க மூலையில் சித்தப்பா. (எங்கள் குடும்பத்தின் மொத்த எடையில் பாதி அவர். வெற்றிலை துப்ப வசதியாக எப்போதும் மூலைதான் கேட்பார்.)

கடை முதலாளி தன் புதுக் கொம்பியூட்டரைத் துடைத்துக்கொண்டு நின்றார். உயர்த்திய வாகனம் அவரிடம் வருவது அதுதான் முதல்தடவை.

"ஆக்கள் இறங்குகினமோ, இருக்கினமோ?" என்று கேட்டார்.

அண்ணா என்னைப் பார்த்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தொண்டையைச் செருமினேன்.

"பாரத்தோடதானே ஓடப்போகுது. அப்ப பாரத்தோடதான் அளக்கவேணும்."

"அதுதானே. நானும் அதைத்தான் யோசிச்சனான்," என்றார் முதலாளி.

பிக்கப், உறவினர்களோடு மேடையில் ஏறியது. சில்லுகளில் தகடுகளை மாட்டிவிட்டு, "ஒருத்தரும் அசையாதேங்கோ" என்றார். பட்டுச்சேலைகளோடும் தட்டங்களோடும் எல்லோரும் கலியாணப் படத்துக்கு இருப்பதுபோல விறைத்திருந்தார்கள். சித்தப்பா தும்மினார், திரையில் இலக்கங்கள் சிதறி ஓடின. மறுபடி முதலிலிருந்து. வாய் நிறைய வெற்றிலையோடு அவர் கண்ணாலேயே என்னைத் திட்டினார்.

ரோட்டால் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். "என்ன, இவையளையும் நிமித்துறியளோ?"

வேலை முடிந்தது. பளை வரைக்கும் பிக்கப் நூல் பிடித்ததுபோல ஓடியது. அண்ணா ஒரு விரலால் ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொண்டு பாட்டுப் பாடினான். (என் முகத்தை அப்போது யாராவது படம் எடுத்திருந்தால், இன்று அதைக் காசு கொடுத்து அழித்திருப்பேன்.)

ஒழுங்கை முகப்பில் பெரியம்மா முன்பக்கக் கூரையில் தட்டினார். "நிப்பாட்டு. நெல்லு மூட்டை மாதிரிப் போய் இறங்கேலாது. தட்டத்தோட நடந்துதான் போகவேணும்."

எல்லோரும் இறங்கினார்கள். வாழைக்குலையைத் தோளில் வைத்துக்கொண்டு சித்தப்பாவும் இறங்கினார். பெண்ணின் தகப்பன் படலையடியில் கைகட்டி நின்றார். தட்டங்கள் முன்னே போக, வெறும் பிக்கப் பின்னே வந்தது. அண்ணா அவர் பார்க்கட்டும் என்று இரண்டு கைகளையும் ஸ்ரியரிங்கிலிருந்து எடுத்தான்.

பிக்கப் நிதானமாக வலப்பக்கம் திரும்பி, அந்தப் பக்க வேலியையும் படுக்க வைத்தது.

சித்தப்பாவுக்குத்தான் முதலில் விளங்கியது. வாழைக்குலையை என் கையில் போட்டுவிட்டு ஓடிப்போய்த் தன் மூலையில் தொற்றி ஏறினார். "இப்ப எடடா." அண்ணா பின்னெடுத்து, மறுபடி கையை விட்டான். பிக்கப் நேராக வந்து, படலையடியில் பவ்வியமாக நின்றது.

பெண்ணின் தகப்பன் சித்தப்பாவை இறங்கச் சொன்னார். பிக்கப் வலப்பக்கம் போனது. ஏறச் சொன்னார். நேராக வந்தது. மறுபடியும் இறக்கி ஏற்றினார். (சித்தப்பா அன்று மெலிந்திருப்பார்.)

"ஆர் இதை ஆக்களோட அளக்கச் சொன்னது?"

எல்லா விரல்களும் வாழைக்குலைக்குப் பின்னால் நின்ற என்னை நோக்கி நீண்டன. "அவள் கம்பஸ்," என்றார் அம்மா, அப்போதும் பெருமையாக.

உள்ளே யாரோ அடக்க முடியாமல் சிரிக்கும் சத்தம் கேட்டது. பெண்ணின் தகப்பன் உள்ளே திரும்பிப் பார்த்தார். பிறகு அண்ணாவைப் பார்த்தார்.

"சரி. என்ர பிள்ளையைத் தாறன். ஆனா இந்த மனுசனும் கூட வரவேணும்."

கலியாணத்தன்று மாப்பிள்ளையும் பெண்ணும் முன்னால், சித்தப்பா பின்மூலையில், கழுத்தில் அவருக்கும் ஒரு மாலை. பிறகு அண்ணா மறுபடி எலைன்மென்ட் பார்க்கப் புறப்பட்டபோது தடுத்தவரும் சித்தப்பாதான். "அதைச் சரிப்படுத்தினா என்னை ஆரடா எங்கயும் கூட்டிக்கொண்டு போவீங்கள்?" அண்ணா சாவியைத் திரும்ப ஆணியில் கொழுவினான். இன்றும் அண்ணி சந்தைக்குப் போகச் சாவியை எடுத்தால், சித்தப்பா வெற்றிலைப் பெட்டியை எடுப்பார்.

போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பெட்டை என்ன படிச்சிருக்கு என்று மாப்பிள்ளையின் தாய் கேட்டார். நான் வாய் திறக்கமுன் அண்ணி தேநீர்த் தட்டத்தோடு வந்து சொன்னாள்:

"பௌதிகவியல், மாமி. நல்லா ஓடுவா. பின்னால சித்தப்பா இருக்கவேணும், அவ்வளவுதான்."