முக்குளிப்பு வாத்தியார்

"நான் அந்தமானுக்குப் போறேன்" என்றார் சந்தானம்.

சொல்லிவிட்டு, பிட்ட இட்லியை வாயில் போடாமல் காத்திருந்தார். மங்கையர்க்கரசி பதறுவாள். கையிலிருந்து கரண்டி விழும். 'ஐயோ, வேண்டாமுங்க' என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்காகத்தான் இத்தனை ஏற்பாடும்.

கரண்டி விழவில்லை.

"எப்பங்க?" என்றாள்.

"எப்பன்னா... உடனே இல்ல. ஸ்கூபா படிக்கணும். படிச்சு வாத்தியார் ஆகணும். அப்புறம் அங்கயே வேலை, அங்கயே குடித்தனம். திரும்பி வருவனோ மாட்டனோ."

"அது என்னங்க ஸ்கூபா?"

"முதுகுல சிலிண்டரைக் கட்டிக்கிட்டுக் கடலுக்கு அடியில போறது."

"நம்ம கேஸ் சிலிண்டராட்டங்களா?"

"காத்து சிலிண்டர், புள்ள! மூச்சு விடறதுக்கு."

"நல்லதுங்க" என்றாள் மங்கையர்க்கரசி. "இன்னொரு இட்லி வைக்கட்டுங்களா?"

விஷயம் இந்த அளவுக்கு வந்ததற்குக் காரணம் ஒரு முறுக்கு.

சந்தானம் மராத்திச் சீமையில், தளேகாவில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தவர். அவர் 'சரி' என்று சொன்ன சாமான் குறைவு, 'ரிஜெக்ட்' என்று சொன்ன சாமான் மலை. இரண்டாயிரத்து ஆறில் கம்பெனி விருப்ப ஓய்வு கொடுத்தது. விருப்பம் கம்பெனியுடையது, ஓய்வு இவருடையது. வயது ஐம்பத்திரண்டு. மாலை போட்டு, சால்வை போர்த்தி, சாங்வியில் அவர் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள்.

வீட்டிலோ ஏற்கெனவே ஒரு கம்பெனி ஓடிக்கொண்டிருந்தது. மங்கையர்க்கரசியின் கம்பெனி. முறுக்கு, தட்டுவடை, இட்லி மாவு. கராடிப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் தமிழ்ப் பையன்கள் வடாபாவ் தின்று நாக்குச் செத்துக் கிடந்தார்கள். அவர்களுக்கு மங்கையர்க்கரசி குலதெய்வம். கூடமாட உதவிக்குக் கீழ்வீட்டு ராஜி. சாயங்காலம் ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை சந்தானத்துக்கு வந்து சேர்ந்தது.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவர் பகலில் சமையலறைக்குள் வந்தார். கையில் வெர்னியர் அளவுகோலோடு வந்தார். முறுக்கின் கனத்தை அளந்தார்.

"இது அரை மில்லி அதிகம். ரிஜெக்ட்."

"கடிச்சா ஒடையுதுங்களே?"

"ஒடையறது வேற, அளவு வேற. இந்தத் தட்டுவடை ஒரு பக்கம் கோணல். ரிஜெக்ட்."

மாவு வாளிமேல் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டார். ராஜி மாவு பிசைந்த கையோடு எழுந்தாள். "அக்கா, ஒண்ணு அவர் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாள். மங்கையர்க்கரசி கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். ராஜி பிழியும் முறுக்கையும் பார்த்தாள். யோசிக்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"ஏனுங்க, நீங்க செத்த பால்கனியில உக்காருங்க."

இருபத்தாறு வருஷம் முந்நூறு பேரை நடுங்கவைத்தவர் பால்கனியில் உட்கார்ந்தார். துளசித் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவே. தன் அருமை இவளுக்குத் தெரியவில்லை, ஒரு நாள் இல்லாமல் போனால்தான் தெரியும் என்று முடிவு கட்டினார். கையில் இருந்த பேப்பரில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. ஔந்தில் ஒரு நீச்சல் குளம். கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற ராகவேந்திரா என்பவர் ஸ்கூபா கற்றுக்கொடுக்கிறார். தொடர்ந்து படித்தால் பயிற்சியாளரே ஆகலாம். அந்தமானில் வேலை காத்திருக்கிறது.

அவருக்கு நீச்சல் ஓரளவு தெரியும். கடல்மேல் ஆசை துளியும் கிடையாது. 'போகாதீங்க' என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். சொன்னால் போதும், பெரிய மனது பண்ணி இருந்துவிடுவார்.

அவள் இன்னொரு இட்லி வைத்தாள்.

சரி, டாக்டர் தடுப்பார் என்று நினைத்தார். மங்கையர்க்கரசியே டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனாள். டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார், மார்பில் குழாய் வைத்துப் பார்த்தார், ஊதச் சொன்னார். "இருபது வயசுப் பையன் மாதிரி இருக்கு" என்றார்.

"அதெப்படிங்க டாக்டர்?"

"எல்லாத்தையும் மத்தவங்கமேல கத்தித் தீர்த்துடறார் போல. உள்ளே எதுவும் தங்கல."

சனிக்கிழமை முதல் வகுப்பு. மங்கையர்க்கரசி விடிகாலையில் நல்லெண்ணெயைக் காய்ச்சிக் கொண்டுவந்தாள்.

"தண்ணிக்குள்ள போறீங்க. உடம்பு சூடு ஆகாதுங்க. சனிக்கிழமை வேற."

தலையிலும் முகத்திலும் தாராளமாகத் தேய்த்துவிட்டாள். சீயக்காய்க்கு நேரமில்லை. கிளம்பிவிட்டார்.

குளத்தில் இறங்கியதும் முகத்தில் மாட்டிய கண்ணாடி ஒரு நிமிஷம் மூக்கில் இருந்தது, அடுத்த நிமிஷம் மோவாயில் இருந்தது. இறுக்க இறுக்க வழுக்கியது. அவரைச் சுற்றித் தண்ணீரில் வானவில் விரிந்தது. பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்த ஒரு மராத்திக்காரர் மோந்து பார்த்துவிட்டு, "அரே, இது என்ன, ஊறுகாயா?" என்று ஹிந்தியில் கேட்டார்.

ராகவேந்திரா பெங்களூர்க்காரர். தடித்த கழுத்து, மெல்லிய குரல். குளத்து மேனேஜர் கத்திவிட்டுப் போகும்வரை கைகட்டி நின்றார். பிறகு சந்தானத்திடம் வந்தார்.

"சார், தண்ணிக்குள்ள பேச முடியாது. எல்லாம் கைதான். எல்லாம் சரியா இருக்குன்னா, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டம் காட்டணும். கட்டை விரலை மட்டும் தூக்கினா, மேலே போகணும்னு அர்த்தம். சரியா?"

"சரி" என்று சந்தானம் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

அன்று முழுவதும் அதுதான் நடந்தது. அடியில் போவார்கள். ராகவேந்திரா வட்டம் காட்டிக் கேட்பார். சந்தானம் கம்பீரமாகக் கட்டை விரலைத் தூக்குவார். ராகவேந்திரா அவர் சட்டையைப் பிடித்து மேலே இழுத்து வருவார்.

"என்ன சார் ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. நல்லா இருந்துச்சு. நீ எதுக்குய்யா இழுத்தே?"

வீட்டுக்கு வந்து ஈரத் துண்டோடு நாற்காலியில் விழுந்தார். இப்போதாவது சொல்வாள். கண் சிவந்திருக்கிறது, காது அடைத்திருக்கிறது, குரல் கம்மியிருக்கிறது. மனுஷி என்றால் சொல்லியாகவேண்டும்.

"முடியலைன்னா விட்டுருங்க" என்று உள்ளேயிருந்து ராஜிதான் சொன்னாள். "வயசாயிருச்சில்ல அண்ணா."

"ச்சே, என்ன ராஜி அப்படிச் சொல்றே?" என்றாள் மங்கையர்க்கரசி. "அவர் ஒண்ண எடுத்தா முடிக்காம விடமாட்டாருங்கிறேன். நாளைக்கு எத்தனை மணிக்குங்க வகுப்பு?"

அந்த இடத்தில் சந்தானத்துக்கு ரோஷம் வந்தது. வயசாமே! படித்தே காட்டுவது என்று பல்லைக் கடித்தார். பல்லைக் கடித்த கடியில் காதும் திறந்துகொண்டது.

பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. விடிந்தால் குளம். கண்ணாடிக்குள் தண்ணீர் விட்டு மூக்கால் ஊதி வெளியேற்றப் பழகினார். வாயிலிருந்து காற்றுக்குழாயைக் கழற்றி மறுபடி கவ்வப் பழகினார். மீசையின் வழியே கண்ணாடிக்குள் தண்ணீர் கசிகிறது என்று ராகவேந்திரா சொன்னார். மறுநாள் மீசை இல்லாமல் வந்தார். மகள் தேஜஸ்வினி நாசிக்கிலிருந்து வந்து பெல் அடித்தபோது, கதவைத் திறந்தவரிடம் "அப்பா இருக்காங்களா?" என்று கேட்டாள்.

ஒரு நாள் குளத்தின் அடியில் சும்மா மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். தன் மூச்சின் சத்தம் மட்டும் கேட்டது. குற்றம் சொல்ல வாயில்லை. வாய் நிறையக் குழாய். சொன்னாலும் கேட்க ஆளில்லை. முதலில் கை நமநமவென்றது. பிறகு அடங்கியது. கோணலாக ஒட்டியிருந்த ஒரு நீல டைல்ஸைப் பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தார். அது கோணலாகவே இருக்கட்டும் என்று முதல் முறையாகத் தோன்றியது.

கோவாவுக்குப் போய்க் கடலில் இறங்கினார்கள். பயந்துகொண்டேதான் இறங்கினார். கீழே கோடு போட்ட மீன் ஒன்று அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றது. ஒரு கோடு தடிமன், ஒரு கோடு மெல்லிசு. எந்தப் பரிசோதகரும் அதைப் பாஸ் பண்ணியிருக்க மாட்டார். சந்தானம் அதற்கு விரலால் வட்டம் காட்டினார்.

அன்றைக்குத்தான் அவருக்கு உண்மையாகவே ஆசை வந்தது. விளையாட்டு வினையாகிவிட்டது. அந்தமானுக்குப் போகத்தான் வேண்டும்.

இடையில் ஒரு பெரிய பாறை குறுக்கே நின்றது. பயிற்சியாளர் தேர்வில் முக்குளிக்கத் தெரிந்தால் போதாது, கற்றுக்கொடுக்கத் தெரிய வேண்டும். "சார், பயந்தவங்கதான் நம்மகிட்ட வருவாங்க" என்றார் ராகவேந்திரா. "அவங்க எவ்வளவு தப்புச் செஞ்சாலும் முதல்ல நல்லதா ஒண்ணு சொல்லணும். அப்புறம்தான் திருத்தம். அதுவும் சிரிச்ச முகமா."

"நல்லதே இல்லைன்னா?"

"தேடணும் சார்."

பழகுவதற்காகப் புது மாணவி ஒருத்தியை ஒப்படைத்தார்கள். அரை மணியில் அவள் அழுதுகொண்டே கரையேறினாள். அடுத்தவன் அழவில்லை, சண்டைக்கு வந்தான். "இப்படிப் போனா தேர்வுல தேற மாட்டீங்க சார்" என்று ராகவேந்திரா கையை விரித்தார்.

மங்கையர்க்கரசிதான் வழி சொன்னாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஒவ்வொரு வகுப்புக்கும் ராகவேந்திராவுக்குத் தட்டுவடை கொடுத்தனுப்புகிறவள் அல்லவா.

"வீட்டுலயே பழகுங்க. நான் மாணவிங்க. இந்தாங்க, முறுக்கு."

சந்தானம் முறுக்கைப் பார்த்தார். கோணல். கை வெர்னியரைத் தேடியது.

"முதல்ல நல்லது சொல்லோணுங்க."

"...உருண்டையா இருக்கு."

"சிரிச்ச முகமாங்க."

சிரித்தார். ராஜி பயந்து ஒரு அடி பின்னால் போனாள்.

"இன்னொருக்கா சொல்லுங்க."

"ரொம்ப நல்லா பிழிஞ்சிருக்கே, மங்கை. நிறம் பிரமாதம். கொஞ்சம்..."

"கொஞ்சமெல்லாம் நாளைக்குங்க. இன்னைக்கு நல்லது மட்டும் பழகுங்க."

தினமும் பழகினார். இட்லி மாவு பொங்கி வந்த அழகைப் புகழ்ந்தார். ராஜியின் கைவாகைப் புகழ்ந்தார். குழம்பைப் புகழ்ந்தார், ரசத்தைப் புகழ்ந்தார், இரண்டுக்கும் நடுவில் இருந்த ஏதோ ஒன்றையும் புகழ்ந்தார். திருத்தம் சொல்லும் பாடம் கடைசிவரை வரவேயில்லை. மாணவிக்கு நேரமில்லை. ஆனால் குளத்தில் பயந்து நடுங்கிய பிள்ளைகள் 'சந்தானம் சார்தான் வேணும்' என்று வரிசையில் நிற்கத் தொடங்கினார்கள்.

தேர்வில் தேறினார். சான்று வந்தது. அந்தமானில் ஒரு தீவிலிருந்து வேலைக்கும் அழைப்பு வந்தது. கடலைப் பார்த்த அறை, மதியச் சாப்பாடு, அடுத்த மாதமே வரவேண்டும்.

திங்கட்கிழமை காலை பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். மங்கையர்க்கரசி வாசற்படியில் வந்து நின்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"ஏனுங்க, நெசமாவே போறீங்களா?"

"பின்ன? நீதானே போகச் சொன்னே."

"சொன்னனுங்க. அப்ப வெளையாட்டாட்டம் இருந்துச்சு. இப்பப் பெட்டியைப் பாத்ததும்..." உள்ளே வந்து பெட்டியின் மூடியைச் சாத்தினாள். "வேண்டாமுங்க. போகாதீங்க. நீங்க இல்லாத வீட்டுல நான் எப்படிங்க இருப்பேன்?"

சந்தானத்தின் கையிலிருந்த துடைப்பம் கீழே விழுந்தது. ஒரு வருஷமாக, கோவாக் கடல்வரை போய், மீசையையும் கொடுத்துக் காத்திருந்த வார்த்தை அது. கண்ணில் நீர் முட்டியது. கண்ணாடி இல்லாததால் மூக்கால் ஊதி வெளியேற்ற முடியவில்லை.

கோடு போட்ட மீன் ஒரு கணம் எதிரே வந்து நின்றது. போ, போ என்று அதை அனுப்பிவிட்டார்.

"அழாதே, புள்ள. நான் எங்கயும் போகல."

உடனே தீவுக்குப் போன் போட்டார். மன்னிக்கவும், குடும்ப நிலைமை, வர இயலாது. அவர்கள் வருத்தப்பட்டார்கள். இவர் பெருமைப்பட்டார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரே குளத்துக்குப் போனார். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

"ராகவேந்திரா, நான் அந்தமானுக்குப் போகல. என் சம்சாரம் விடமாட்டேங்கிறா. என்ன அழுகை! உனக்கு எப்படிப் புரியும், நீ கட்டைப் பிரம்மச்சாரி."

ராகவேந்திரா ஆச்சரியப்படவில்லை. மேசையிலிருந்து ஒரு விசிலை எடுத்து அவர் கழுத்தில் மாட்டினார்.

"சந்தோஷம் சார். அப்ப நாளைலேர்ந்து இங்கயே பகல் வகுப்பெல்லாம் உங்களுது. காலைல ஆறு மணிலேர்ந்து மூணு மணி வரைக்கும். மேடம் போன மாசமே பேசி முடிச்சுட்டாங்க. பகல் பூரா நீங்க வெளியில இருக்கணும், சாயங்காலம் கராடிக்கு டெலிவரி போக நாலு மணிக்கு வீட்டுல இருக்கணும். அது ஒண்ணுதான் அவங்க கண்டிஷன்."

சந்தானம் விசிலைத் தொட்டுப் பார்த்தார்.

"போன மாசமேவா? அவ இன்னைக்குக் காலைலதானய்யா அழுதா!"

"அதான் எனக்கும் புரியல சார்" என்றார் ராகவேந்திரா. "வியாழக்கிழமை அழுதுக்கறேன்னுதான் மேடம் சொல்லியிருந்தாங்க."