சுசித்ராவுக்கு ஓட்டுப் போட்டாச்சா?

வாசகரே, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கைகூப்பிக்கொண்டு வருகிறவர்களை உங்களுக்குத் தெரியும். வாரம் தவறாமல் வருகிற இன்னோர் இனம் இருக்கிறது. எந்தக் கட்சியிலும் இருக்க மாட்டார், எந்தப் பதவியும் கேட்க மாட்டார். டிவியில் ஒரு பாட்டுப் போட்டி நடக்கும். அதில் யாரோ ஒரு பெண் பாடுவாள். அவளை இவர் நேரில் பார்த்ததில்லை, அவளுக்கு இவர் இருப்பதே தெரியாது. ஆனாலும் அடுத்த வாரம் அவள் மேடையில் நிற்பாளா மாட்டாளா என்பதுதான் இவருடைய பசி, பேச்சு, ரத்த அழுத்தம் மூன்றையும் தீர்மானிக்கும். ரசிகர் என்று இவரைச் சொல்லிவிட முடியாது. ரசிகர் கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். இவர் ஓட்டுச் சேகரிப்பவர்.

மைசூரில் என் எதிர்வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார். பெயர் பிரகாசம். ஒரு காலேஜ் ஆபீசில் முப்பத்தொரு வருடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு இரண்டு வருடம் ரோஜாச் செடி வளர்த்தார். செடிகளுக்கு ஓட்டுத் தேவைப்படவில்லை.

‘குரல் கோபுரம்’ ஐந்தாவது சீசன் ஆரம்பித்த அன்று, “கோபிநத்தத்திலிருந்து வந்திருக்கும் சுசித்ரா” என்று தொகுப்பாளர் சொன்னதும் பிரகாசம் சோபாவிலிருந்து எழுந்து நின்றாராம். நம்ம ஊர்ப் பொண்ணு என்றாராம். பெட்டி என்று பெயர் கொண்ட அவருடைய மனைவி, கோபிநத்தம் இங்கிருந்து அஞ்சு மணி நேரம், நீங்க அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததுகூட இல்லையே என்று நினைவூட்டியிருக்கிறார். கர்நாடகத் தமிழ்ப் பொண்ணுக்கு நாம போடலன்னா வேற யார் போடுவா என்று இவர் திருப்பிக் கேட்டார்.

அன்றிலிருந்து எங்கள் தெருவில் ‘நமஸ்காரா’ போயிற்று, ‘சாப்டாச்சா’ போயிற்று. “சார், சுசித்ராவுக்குப் போட்டாச்சா?” என்பதே வணக்கம். ஒரு போனுக்கு வாரம் பத்து ஓட்டு. பேக்கரியில், மருந்துக் கடையில், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சர்ச் வாசலில், பல் டாக்டரிடம் வாயைத் திறந்து படுத்திருந்தபடியே அவருடைய நர்ஸிடம், என்று ஓட்டு வளர்ந்தது. எங்கள் வாட்ச்மேன் உமேஷுக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. “ஸ்வல்ப போன் கொடப்பா” என்று கன்னடத்தில் கேட்டு அவன் போனை வாங்கி, ஆப்பை இறக்கி, பத்து ஓட்டையும் தாமே போட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ‘சுசித்ரா படை’ என்று வாட்ஸ்அப் குழு உண்டாயிற்று. நான் சேரவில்லை. சேர்க்கப்பட்டேன்.

முதல் ஏழு வாரம் அந்தப் பெண் அருமையாகப் பாடினாள். நடுவர்கள் நாற்காலியைவிட்டு எழுந்தார்கள். எட்டாவது வாரம் சுருதி விலகியது. ஒன்பதாவது வாரம் தாளமும் விலகியது. பத்தாவது வாரம் சரணத்தில் பாதி வரியை மறந்துவிட்டு மேலே பார்த்துக்கொண்டு நின்றாள். நடுவர்கள் ஆகக் குறைந்த மதிப்பெண் போட்டார்கள். நீங்களாக இருந்தால், பாவம் தொண்டை சரியில்லை என்று நினைப்பீர்கள். பிரகாசமோ, கர்நாடகத்துப் பொண்ணு என்பதால் நடுவர்கள் ஓரவஞ்சனை செய்கிறார்கள் என்று கண்டுபிடித்தார். படை விழித்தெழுந்தது. முன்னூறு ஓட்டு அறுநூறு ஆயிற்று. மூன்று வாரமும் ‘மக்கள் வாக்கால் காப்பாற்றப்பட்டவர் சுசித்ரா’ என்று அறிவித்தார்கள். மூன்று முறையும் அந்தப் பெண் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஆனந்தக் கண்ணீர் என்றார் பிரகாசம்.

அடுத்த திங்கட்கிழமை ஒரு சால்வை, ஒரு பழக்கூடை, துணைக்கு நான் என்று மூன்றையும் சேர்த்துக்கொண்டு அவளைப் பெற்றவர்களைப் பாராட்டக் கிளம்பினார். கொள்ளேகாலில் பஸ் மாறி, மலை ஏறி இறங்கி, கோபிநத்தம் போய்ச் சேரும்போது மத்தியானம். அப்பா ஜடையன் காட்டு வேலைக்குப் போயிருந்தார். அம்மா லிங்கம்மாதான் இருந்தார். மைசூரில் படை திரட்டிய கதையைப் பிரகாசம் ஒன்றுவிடாமல் சொல்லி, அறுநூறு ஓட்டில் வந்து நிறுத்தி, சால்வையைப் பிரித்தார்.

லிங்கம்மா சால்வையைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்தார்.

“உங்களாலதானுங்களா என்ற புள்ள இன்னும் ஊடு வந்து சேரல?”

பிறகு மெதுவாகச் சொன்னார். சுசித்ரா சாமராஜநகரில் நர்ஸிங் கடைசி வருடம். பன்னிரண்டாம் தேதி பரீட்சை. போட்டி ஆறு வாரத்தில் முடிந்துவிடும் என்று சொல்லிக் கூட்டிப் போனார்கள், நீண்டுகொண்டே போகிறது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பதால் நடுவில் எழுந்து வர முடியாது, அவர்களாகத் தள்ளினால்தான் உண்டு. அதனால்தான் மூன்று வாரமாக வேண்டுமென்றே கெடுத்துப் பாடுகிறாள். விஷயம் வெளியே தெரிந்தால் வம்பு, யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்றார்.

“ஒவ்வொரு வாரமும் யாரோ ஓட்டுப் போட்டுக் காப்பாத்திப் போடறாங்கன்னு போன்ல அழுவறா. அது யாருன்னு தெரிஞ்சா கையெடுத்துக் கும்புட்டு நிறுத்தச் சொல்லோணும்னு இருந்தேனுங்க.”

சொன்னபடியே கும்பிட்டார். பிரகாசம் சால்வையை மடிக்க ஆரம்பித்தார். அதை மடிக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

திரும்பி வரும்போது மைசூர் தெரியும் வரை அவர் வாய் திறக்கவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் கொள்ளேகால் தாண்டும் முன்பே நோட்டை எடுத்து, எந்தெந்த ஓட்டைத் திருப்புவது என்று பட்டியல் போட ஆரம்பித்துவிட்டார். சும்மா இருப்பது என்பது இந்த இனத்துக்குத் தெரியாத வித்தை. அதே போட்டியில் பாடும் கோவைப் பையன் கவின்ராஜுக்குப் போடுங்கள் என்று அன்று மாலையே பேக்கரியில் தொடங்கினார். காரணத்தைச் சொல்ல முடியாது, வாக்குக் கொடுத்திருக்கிறார். ஆகவே ஆளாளுக்கு ஒரு காரணம் கற்பித்தார்கள். மருந்துக் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சர்ச் வாசலில் அவர் வந்ததும் பேச்சு நின்றது. உமேஷ் போனைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானும் மாட்டிக்கொண்டான். கடைசியில், அவரே ஆரம்பித்த ‘சுசித்ரா படை’யிலிருந்து அவரைத் துரோகி என்று நீக்கினார்கள். நீக்கியவள் அவருடைய தம்பி மகள் ஆஷ்லி. அவளுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்ததும் அவர்தான். அன்று அவர் இட்லி சாப்பிடவில்லை. ஆனாலும் காரணத்தைச் சொல்லவில்லை. அதை நான் மெச்சுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சுசித்ரா வெளியேற்றப்பட்டாள். பின்னணியில் வயலின் அழுதது, நடுவர்கள் அழுதார்கள், சக போட்டியாளர்கள் கட்டிப் பிடித்து அழுதார்கள். அவள் மட்டும் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றாள். சோகத்தை மறைக்கும் இந்த மன உறுதியைப் பாருங்கள் என்றார் தொகுப்பாளர். எதிர்வீட்டிலிருந்து ஒரே ஒரு கைதட்டல் கேட்டது.

பரீட்சை முடிந்த பிறகு, அம்மாவிடம் நம்பர் வாங்கி அவளே பிரகாசத்துக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டார், நாங்களும் கேட்டோம்.

“நீங்கதானா சார் அது? மூணு வாரம் எவ்வளவு கேவலமாப் பாடினேன், ஒருத்தர் விட மாட்டேங்கறாரேன்னு இருந்துச்சு.”

“அதுவும் நல்லாத்தாம்மா இருந்துச்சு” என்றார் பிரகாசம், மனப்பூர்வமாக.

போனை வைத்ததும், போட்டது லட்சக்கணக்கான பேர், அதில் உங்கள் அறுநூறு எந்த மூலைக்கு, அவள் இருந்ததும் உங்களால் இல்லை, வந்ததும் உங்களால் இல்லை என்று மனைவி பெட்டி விளக்கிச் சொன்னார். பிரகாசம் அவரைப் பரிவோடு பார்த்தார். உலகம் தெரியாதவர்களை அப்படித்தானே பார்க்க வேண்டும்?

நான் இந்த இனமில்லை, நல்லவேளை. பிரகாசத்தோடு கோபிநத்தம் போனதெல்லாம் பேச்சுத் துணைக்குத்தான். ஆனால் வாசகரே, உங்களை ஒன்று கேட்க வேண்டும். லிங்கம்மா கும்பிட்ட இடத்தில், இந்தப் பெண் எப்படியாவது ஊர் வந்து சேர்ந்துவிட வேண்டுமே என்று நினைத்தீர்களா? அல்லது பரீட்சை அடுத்த வருடமும் வரும், ஒரு தடவை ஒழுங்காகப் பாடி ஜெயித்துவிட்டு வரட்டுமே என்று நினைத்தீர்களா? எதுவானாலும் சரி. முகம் பார்க்காத ஒரு பெண்ணின் விஷயத்தில் நீங்களும் ஒரு முடிவு எடுத்துவிட்டீர்கள். இனி அடுத்தவரையும் அதற்கு இணங்கவைக்கத் தோன்றும். இப்போதே யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று கை போனைத் தேடுகிறதா? கொஞ்சம் பார்த்து. எதிர்வீட்டில் என்னைப்போல் ஒருவன் எழுதிக்கொண்டிருப்பான்.